மாத்தா ஜீப்பின் முன்சீட்டு

போலீஸ்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட ஜீப்பைப் புத்தியுள்ளவன் வாங்குவானா என்று கோலசிலாங்கூர் கடைத்தெருவே என்னைக் கேட்டது. கேட்டவர்களில் ஒருவரும் எனக்கு வேறு காடி வாங்கித் தரப் போவதில்லை. அதனால் யாருக்கும் பதில் சொல்லாமல் வாங்கிவிட்டேன். எண்பதுகளின் ஆரம்பம் அது.

தஞ்சோங் காராங்கில் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்த வண்டி. நீண்ட உடம்பு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் இரு பக்கமும் பலகை பெஞ்சு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே கம்பி வலை. பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது, வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். பிடிபட்டவன் இறங்கி ஓடிவிடக் கூடாதல்லவா. பழைய கருநீலத்தின் மேல் தவுக்கே பச்சைப் பெயிண்டு அடித்திருந்தார். ஆனாலும் வெயில் சாய்வாக விழுந்தால், கதவில் இருந்த முத்திரையின் வட்டம் பச்சைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

எத்தனை மைல் ஓடியது என்று கேட்டேன். தவுக்கே பொய் சொல்லவில்லை. அந்த எண்கள் எல்லாம் ஓடி முடிந்து மறுபடியும் பூஜ்யத்திலிருந்து கிளம்பியவை, அதைப் பார்க்காதே, என்ஜினைக் காதால் கேள் என்றார். கேட்டேன். ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவது போல இருந்தது. ஆனாலும் பாதியில் நிற்காமல் ஏறியது. எனக்கு அது போதும்.

நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். மீசை அரும்பும் வயதில் மலேசியாவுக்கு வந்து, சொந்தக்காரர் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவி, மாவு பிசைந்து, தே ஆற்றி, அப்புறம் போதுமடா சாமி என்று தனியாகக் கிளம்பினவன். ரொட்டி, மசாலாத் தூள், பிஸ்கட் டின், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கருவாடு. இவற்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்பேன். மழைக்காலத்தில் செம்மண் சாலை சைக்கிளைப் பிடித்து இழுத்துப் போட்டுவிடும். நாலு சக்கரம் வேண்டும் என்று ஊருக்குச் சொன்ன காரணம் அதுதான்.

சொல்லாத காரணம் என் மனைவி.

எங்கள் ஊரில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை சபுராளி. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து, சில மாதம் மாமியார் வீட்டு விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். என் வாப்பா அப்படித்தான் வாழ்ந்தார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். ஊரில் யாருக்கும் இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பெண்டாட்டி ஒரு கரை, புருஷன் ஒரு கரை, நடுவில் மீனுக்குத்தான் குடும்பமா என்று நான் கேட்டால், இவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றார்கள்.

கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வாடகைக் காரில் முன்னால் நானும் மாமாவும். பின்னால் மாமியும் மற்ற பெண்களும் அவர்களுக்கு நடுவில் என் மனைவியும். அதுதான் வழக்கம். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்:

“உங்க பக்கத்துல ஒக்காந்து ஒரு தெரு தாண்டிப் போனதில்ல மச்சான்.”

குறை சொல்கிற குரலே இல்லை. இன்றைக்குக் கத்தரிக்காய் நன்றாயில்லை என்பது போலச் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் தைத்துக்கொண்டது. அவளை இங்கே கூட்டி வந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மாமாவிடம் கேட்டேன். எங்க வீட்டுப் பொண்ணு கடல் தாண்டுனதில்ல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். நானும் விடவில்லை. திரும்பி வந்து முதலில் பக்கத்தில் உட்கார ஓர் இடத்தை வாங்கினேன். அதுதான் இந்த ஜீப்பின் முன்சீட்டு.

முதல் நாள் சரக்கேற்றிக்கொண்டு பத்தாங் பெர்சுந்தைக்கு உள்ளே ஒரு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் சைக்கிளில் போனால் ‘காக்கா வந்துட்டாரு’ என்று பிள்ளைகள் எதிர்கொண்டு ஓடி வரும் லயம் அது, தொழிலாளிகளின் வரிசை வீடுகள். எங்கள் ஆட்களை அங்கே அண்ணன் முறையில் காக்கா என்பார்கள். செம்மண் சாலை திரும்பி, லயம் கண்ணில் பட்டது. அன்றைக்கும் ஓடினார்கள். ஆனால் என்னை நோக்கி இல்லை, எதிர்ப்பக்கம். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். இரண்டு ஆண்கள் செம்பனைக்குள் புகுந்து மறைந்தார்கள். ஒரு வீட்டின் பின்னாலிருந்து யாரோ தகர டின்னைத் தூக்கி வந்து அல்லூரில் கவிழ்த்தார். கள்ளச் சாராயம், அவர்கள் பாஷையில் சம்சு. அதன் வாடை சாக்கடையோடு ஓடி வந்து காடிக்குள் ஏறியது.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து கதவுக்கு முன் விறைப்பாக நின்று ஒரு சலாம் வைத்தார். நான் கைலியும் தொப்பியுமாக இறங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பின்னால் இருந்த ரொட்டி டின்னைப் பார்த்தார்.

“ஏன் காக்கா, ரொட்டி விக்க ஒங்களுக்கு வேற காடியே கெடைக்கலியா? தீவாளிக்கு வச்சிருந்ததெல்லாம் அல்லூரு குடிச்சிருச்சுலா.”

சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஒரு ரொட்டிகூட விற்கவில்லை என்பதால் சீக்கிரம் நின்றும் போனது. சம்சு மட்டும் காரணமில்லை. அங்கே பாதிப் பேருக்குக் குடியுரிமை இல்லாதவனுக்குத் தருகிற சிவப்பு அட்டை, சிலருக்கு அதுவும் கிடையாது. போலீசை அவர்கள் மாத்தா என்பார்கள். மாத்தா ஜீப்பு லயத்துக்குள் வந்து யாருக்காவது நல்லது நடந்ததாக ஒரு கதையும் இல்லை. நானே சிவப்பு அட்டைக்காரன்தான். இதே ஜீப்பைத் தூரத்தில் கண்டு, ஒரு தப்பும் செய்யாமலே, மோட்டார் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பியவன். இப்போது அதன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏன் ஓடுகிறீர்கள் என்று அவர்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மண்டோர்தான் வழி கண்டுபிடித்தார். ஐஸ்கிரீம்காரன் ஆட்டுகிற பித்தளை மணியொன்றை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சாலை திரும்பும் இடத்திலிருந்தே மணியடித்துக்கொண்டு வர வேண்டும், அடிக்காவிட்டால் அது நிஜ மாத்தா. அப்படியே செய்தேன். வியாபாரம் மெல்லத் திரும்பியது. ஆனாலும் மணியோசை காதில் விழுந்த பிறகும் சில பேர் ஒரு முறை உள்ளே போய்விட்டுத்தான் வெளியே வந்தார்கள். என்னிடம் சாமான் வாங்கும்போதும் கண் கதவின் வட்டத்திலேயே இருக்கும். முன்பெல்லாம் சாயங்காலம் வரை உட்கார்த்தி வைத்துத் தே கொடுத்துக் கதையடிக்கிறவர்கள், இப்போது சாமானை வாங்கிய கையோடு நடையைக் கட்டினார்கள். சனியனை விலை கொடுத்து வாங்குவது என்று சொல்வார்களே, அதை நான் டயரோடு வாங்கியிருந்தேன்.

மண்டோருக்கு மட்டும் அந்தக் காடி பிடித்துப்போனது. ஒரு காலத்தில் சம்சு கேசில் அவரை இதே ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். பின் பெஞ்சில் எந்த இடம் என்று எனக்குத் தொட்டுக் காட்டினார். அதனால் நான் திரும்பும்போதெல்லாம் முன்கதவைத் திறந்து, முன்சீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தோட்டத்து வாசல் வரை வருவார். கணக்கெழுதும் கிராணியின் ஆபீசைத் தாண்டும்போது கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி வைத்துக்கொள்வார். செத்தாலும் இனி பின்னால் ஏற மாட்டேன் காக்கா என்பார். அவரை வாசலில் இறக்கிவிட்ட பிறகு, கோலசிலாங்கூர் வரை நானும் அந்த இருமல் என்ஜினும்தான்.

நான் தங்கியிருந்தது சாப்பாட்டுக் கடையின் மாடி. ஒரே அறையில் எங்கள் ஊர் ஆண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருப்போம். ஒருவன் பெருமூச்சு விட்டால் மூன்று பேர் ‘என்ன மாப்புள, ஊரு ஞாபகமா’ என்பார்கள். கூட்டம்தான். ஆனால் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் இருக்கிற தனிமை மாதிரிக் கொடுமை வேறில்லை. அழக்கூட இடம் கிடையாது. குளியலறைக்குப் போனாலும் வெளியே ஒருவன் வாளியோடு நின்று கதவைத் தட்டுவான்.

அந்த நாளில் எங்கள் ஆட்கள் கடிதத்தை விட்டுவிட்டுக் கேசட்டுக்கு மாறியிருந்தார்கள். பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கிருந்தும் அப்படியே வரும். மாடி அறையில் உட்கார்ந்து மனைவியிடம் என்ன பேசுவது? பதினைந்து காதுகளுக்கு நடுவில், சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல், மழை பெய்கிறது, மாமிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான் வரும்.

ஜீப்பு வந்த பிறகு எனக்கென்று ஓர் அறை கிடைத்தது. முன்சீட்டுக்கு எதிரே போலீஸ் வயர்லெஸ் பெட்டி இருந்த இரும்புத் தாங்கி அப்படியே இருந்தது. என் டேப் ரெக்கார்டரை அதில் வைத்து, பழைய டியூப் பட்டையால் கட்டினேன். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. அஸர் தொழுகைக்குப் பிறகு காடியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பேசுவேன். கண்ணாடியை ஏற்றாவிட்டால் மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் கையை விட்டு ரொட்டியை எடுக்கும். ஒரு தடவை ஒரு குரங்கு என் தொப்பியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, தலையிலும் வைத்துக்கொண்டது. அதையும் கேசட்டில் அவளிடம் சொன்னேன். பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் பேசுவேன். மைக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பது ஒரு சாக்கு.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு காலியாக இருப்பதைச் சொன்னேன். கிணறு வேண்டாம், குழாயில் தண்ணீர் வரும் என்று சொன்னேன். இந்த முன்சீட்டில் சீலைத் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டிருப்பதைச் சொன்னேன். வாப்பாவிடம் நீயே கேள், நான் கேட்டால் அவருக்கு வெற்றிலைதான் ஞாபகம் வருகிறது என்றும் சொன்னேன்.

அவள் பதில் வரும். வந்த கேசட்டை ஆவலோடு போட்டால், முதலில் மாமியின் இருமல், காக்கை, தெருவில் போகிற சைக்கிள் மணி. பிறகு அவள் குரல், பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற மாதிரி: “நாங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கோம். வாப்பா சௌக்கியம். உம்மா சௌக்கியம். நீங்க அனுப்புன தைலம் கெடச்சிச்சு.” பலகை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முன்சீட்டைப் பற்றிக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேசட்டை வெளியே எடுத்து, எறியக் கை ஓங்கி, மறுபடியும் போட்டுக் கேட்பேன். தைலம் கிடைத்ததைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தாழும். அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒருநாள் மண்டோரின் செம்பனைத் தோட்டத்துக்குள், லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஜீப்பு படுத்துவிட்டது. மதியம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. எப்படிப்பட்ட மழை! எதிரே மரம் தெரியவில்லை. அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த ஒருவர் காடியைப் பார்த்துவிட்டு, நான் கையாட்டக் கையாட்ட, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தார். மணியடித்தேன். மழையில் யாருக்குக் கேட்கும்? உதவிக்கு ஒரு மனுஷன் கிட்ட வர மாட்டான், அப்படி ஒரு காடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் கம்பி வலைக்குப் பின்னால் காலி பெஞ்சு. பக்கத்தில் சீலை உறை போட்ட காலி சீட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. டேப்பைத் தட்டினேன்.

என்ன பேசினேன் என்பது முழுதும் இப்போது நினைவில்லை. நினைவிருப்பதே போதுமானது. உன் சௌக்கியப் பட்டியல் எனக்கு வேண்டாம், உன் குரல் வேண்டும் என்றேன். நான் இங்கே ஒரு காலி சீட்டோடு பேசிக்கொண்டு திரிகிற பைத்தியமாகிவிட்டேன் என்றேன். நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம் இந்த ஊர் எண்ணெயில் இல்லை, எத்தனையோ கடையில் மோந்து பார்த்துவிட்டேன் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவற்றை எழுத மாட்டேன். கடைசியில் உன் வாப்பா மனுஷர் இல்லை, வாசலில் தொங்குகிற பூட்டு என்றேன். ஒரு பக்கம் முழுக்க ஓடிக் கேசட் டக்கென்று நின்றபோது மழையும் ஓய்ந்திருந்தது. மாத்தா ஜீப்பு நிற்கிறது என்று சைக்கிள்காரர் போய்ச் சொன்னதைக் கேட்டு, மண்டோர் லயத்து ஆட்களைக் கூட்டி வந்து தள்ளிவிட்டார்.

கடையில் தே ஆற்றுகிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் அண்ணன் அந்த வாரம் நெடுநாள் விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டார். எங்கள் தெருக்காரர், நம்பிக்கையானவர். கேசட்டை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

அவர் விமானம் ஏறிய மறுநாள் காலை, ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனுக்குச் சுரீர் என்றது. அவள் கையில் கொடுத்தால் மட்டும்? அவள் எதில் போட்டுக் கேட்பாள்? அந்த வீட்டில் டேப் ரெக்கார்டர் ஒன்றே ஒன்று. நான் வாங்கி அனுப்பியது. அது கூடத்து அலமாரியில், பூத்துணி போர்த்தி இருக்கும். சபுராளி கேசட் வந்தால் எங்கள் தெருவில் அது தனி ஆள் சமாச்சாரமே கிடையாது. கூடத்தில் ஆண்கள், திரைக்குப் பின்னால் பெண்கள், பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். நானே சின்ன வயதில் எத்தனை வீட்டு மாப்பிள்ளைகளின் குரலை அப்படி வந்த கடிதங்களில் கேட்டிருக்கிறேன், ஒருவர் படிக்கத் தெருவே கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் ரகசியம் என்று நினைத்தவன் என்னைப் போல இன்னொரு மடையன் உண்டா? அல்லாவே!

பிறகு ஒரு கேசட்டும் வரவில்லை. மாதங்கள் போயின. வேறு வீடுகளுக்கு வந்தது, எனக்கு இல்லை. மாடியில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், தெரிந்துதான் சிரிக்கிறான் என்று நினைத்துச் சண்டைக்குப் போனேன். ஆற்றங்கரைக்குப் போவதை விட்டேன். டேப்பைத் தாங்கியிலிருந்து அவிழ்த்துச் சீட்டுக்கு அடியில் போட்டேன். சீலை உறையின் மேல் பிஸ்கட் டின் வைத்தேன். ஜீப்பும் என் மனசைப் பார்த்து நடந்துகொண்டது. இன்றைக்குச் சுய்ச்சு, நாளைக்கு ரேடியேட்டர். தவுக்கே பட்டறையில் நான் பாதிக் குடித்தனம் நடத்தினேன். பேசாமல் இரும்புக் கடையில் போட்டுவிடு என்று அவரே சொன்னார். போடலாம் என்றுதான் இருந்தேன்.

நானா திரும்பி வந்த அன்று கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்குப் பின்னால் நின்ற அவருடைய சட்டையைப் பிடிக்காத குறை. என்னிடம் சத்தியம் செய்தீர்களே என்றேன். அவர் அமைதியாக என்னை வெளியே கூட்டி வந்து ஜீப்பில் உட்கார வைத்தார். பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தார். அவள் கையில்தான் கொடுத்தாராம். அவளும் எப்போதும் போல என்று நினைத்து, எல்லோரையும் கூப்பிட்டுத்தான் போட்டாளாம். தெருவே உட்கார்ந்திருந்ததாம். எண்ணெய் வாசம் வந்ததும் திரைக்குப் பின்னால் சிரிப்பு. அப்புறம் நான் எழுத மாட்டேன் என்றேனே, அந்த இடம். அங்கே சிரிப்பும் நின்றுவிட்டது. பூட்டு என்ற வார்த்தை வந்ததும் மாமா எழுந்து பெட்டியை நிறுத்தப் போனாராம்.

“அப்பத்தான் ஒம் பொண்டாட்டி தெரைய விலக்கிட்டு வெளிய வந்துச்சு. அவ்வளவு ஆம்பளைங்க இருக்கோம், தலையில முக்காடோட நேரா வந்து பெட்டி மேல கைய வச்சிருச்சு. ‘ஓடட்டும் வாப்பா. எனக்குத்தானே பேசுறாங்க. முடியட்டும்’னுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. முடியிற வரைக்கும் அது நின்னுச்சு. நாங்களும் ஒக்காந்திருந்தோம்.”

மாமா அதன் பிறகு பல நாள் திண்ணைக்கே வரவில்லையாம். ஒருநாள் தானாகவே பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போக எந்த பஸ் என்று நானாவிடம் கேட்டாராம். நானா சொல்லி முடித்ததும் நான் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ஹாரன் அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறு வருடம் மூன்று மாத விசிட் பாஸில் அவள் வந்தாள். மாமா கூட்டி வந்தார். சுபாங் விமான நிலையத்தில் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். முன்சீட்டில் அவர் ஏறினார். அதுதான் வழக்கம். அவள் பெட்டி படுக்கையோடு பின்னால் ஏறினாள். நான் வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். யாருக்காக அந்த உறையைத் தைத்துப் போட்டிருந்தேனோ அவள் கைதி பெஞ்சில், சீலை உறைமேல் மாமா! பல்லைக் கடித்துக்கொண்டு காடியைக் கிளப்பினேன். சுங்கை பூலோ தாண்டும்வரை மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தால் கம்பி வலையும் முக்காடும் தெரிந்தன.

ஈஜோக்கில் ஒரு சூராவில், சின்னத் தொழுகைக் கூடத்தில், அஸர் தொழ நிறுத்தினோம். தொழுதுவிட்டு நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா முன்னால் நடந்து போனார். நேரே பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

“நீ முன்னாடி போ. நான் கொஞ்சம் காலை நீட்டணும்.”

அவள் இறங்கி நின்று என்னைப் பார்த்தாள். மாமா கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்தார். காலை நீட்டவே இல்லை. கதவை நான்தான் வெளியிலிருந்து சாத்த வேண்டியிருந்தது. சாத்தும்போது மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். கதவைச் சரியாகச் சாத்து மாப்புள, பெட்டி விழுந்துடப் போவுது என்றார்.

பலகை வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் மாமா ஊர் திரும்பினார். அதன் பிறகு அவள் என்னோடு தோட்டங்களுக்கும் வந்தாள். மணியடிக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மாத்தா ஜீப்பின் முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண்ணைப் பார்த்து லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், பிறகு ஜீப்புக்கே வந்தார்கள், மாத்தா பெண்டாட்டி என்று பெயர் வைத்தார்கள். ஓட்டம் நின்றது. மண்டோர் அந்த மாதங்களில் வாசலுக்கு நடந்தே போனார். அவரைப் பார்த்து அவள் சிரிப்பாள். கேசட்டில் அவ்வளவு அளந்து பேசினவள் ஜீப்பில் வாய் மூடவில்லை. அவளுக்கும் பேச ஓர் இடம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாஸ் முடிந்தது. நீட்டிக்க அலைந்தேன். இங்கேயே தங்க மனுப் போட்டோம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். சுபாங்கில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் சீட்டுப் பக்கம் திரும்பாமல் ஓட்டினேன். முன்பு அவள் அதில் எப்படி உட்காருவாள் என்று எனக்குத் தெரியாது, இப்போது தெரியும். முழங்காலைக் கதவுப் பக்கம் சாய்த்து, ஒரு கையை மணிக்கயிற்றில் வைத்து உட்காருவாள். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்துக் கேசட் வந்தது. மாமியின் இருமல், காக்கை, கூடம் நிறைய ஆட்களின் சலசலப்பு. வாப்பா சௌக்கியம், உம்மா சௌக்கியம், எதிர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அப்புறம் அதே குரலில், அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னாள்:

“மச்சான், அந்த முன்சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க.”

யாரோ பெண்கள் சிரித்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் பத்தாங் பெர்சுந்தை தோட்டத்தில் சரக்கு விற்று முடித்துக் கிளம்பும்போது மண்டோர் வழக்கம்போல வந்து முன்கதவில் கை வைத்தார். என் மனைவி ஊருக்குப் போய்விட்டது அவருக்குத் தெரியும். செத்தாலும் பின்னால் ஏற மாட்டேன் என்றவர். இருந்தாலும் சொன்னேன்.

“பின்னால ஏறுங்க மண்டோரே. முன்னால ஆளிருக்கு.”

அவர் குனிந்து காலி சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றிப் போய், தாழ்ப்பாளைத் தானே நீக்கி, அந்தப் பழைய பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். நான் இறங்கிப் போய் வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன்.